பேஷன்ஸ் லோடரின் கைவண்டித் தடம்: அயோவா முதல் உட்டா வரை

நாள் 1: அயோவா சிட்டி, கோரல்வில்

அயோவா சிட்டியை ஒட்டிய கோரல்வில்லில், க்ளியர் க்ரீக் ஓடைக் கரையில் மோர்மன் கைவண்டிப் பூங்கா இருக்கிறது. நடைபாதையும் அறிவிப்புப் பலகைகளும்தான். அரை மணி நேரம் போதும். ஆனாலும் பயணத்தை இங்கே தொடங்குவதே சரி. 1856இல் ரயில் பாதை அயோவா சிட்டியோடு முடிந்தது. அதற்கு மேல், மோர்மன் சபையினர் (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) குடியேறிய உட்டாவின் சால்ட் லேக் சிட்டி வரை சுமார் 1,300 மைல், கைவண்டியை இழுத்துக்கொண்டு நடைதான்.

இந்தத் தொடர் பேஷன்ஸ் லோடர் என்ற பெண்ணின் பாதையில் போகிறது. 1827இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில், ஆஸ்டன் ரோவன்ட் கிராமத்தில் பிறந்தவர். அப்பா ஜேம்ஸ் லோடர் தோட்டக்காரர், அம்மா ஏமி. குடும்பம் மோர்மன் சபையில் சேர்ந்து, 1855 டிசம்பரில் லிவர்பூலில் 'ஜான் ஜே. பாய்ட்' கப்பலில் ஏறியது. குளிர்கால அட்லாண்டிக்கில் புயலோடு மல்லுக்கட்டி, 1856 பிப்ரவரியில் நியூயார்க்கில் இறங்கியது.

அவர்கள் வந்த வருடம்தான் சபைத் தலைவர் பிரிகாம் யங் கைவண்டித் திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஏழைகளுக்குக் கடன் கொடுத்துக் குடியேற்ற 1849இல் தொடங்கிய நிதி வற்றிக்கொண்டிருந்தது. காளை பூட்டிய கூண்டு வண்டிக்கு ஆகும் செலவில் பல குடும்பங்களைக் கைவண்டியில் கொண்டுபோய்விடலாம். லிவர்பூலிலிருந்து சால்ட் லேக் வரை ஆளுக்கு 9 ஸ்டெர்லிங் பவுண்டு என்று கணக்குப் போட்டார்கள். லோடர் குடும்பத்துக்கு இது பிடிக்கவில்லை. வயதான அம்மாவை ஆயிரம் மைல் நடக்கவைப்பதா என்று பேஷன்ஸ் தன் அக்கம்பக்கத்தாரிடம் புலம்பவில்லை, அக்கா தங்கையரில் ஒருவரான ஸில்பாவின் கணவர் ஜான் ஜாக்ஸுக்கே கடிதம் எழுதிக் கேட்டார். ஜாக்ஸ் விசுவாசக் குறைவு என்று கடுமையாகப் பதில் எழுத, இரண்டு கடிதமும் சபையின் இங்கிலாந்துப் பத்திரிகையிலேயே அச்சாயின. ஜேம்ஸ் லோடருக்கு அது ரோஷத்தைக் கிளப்பிவிட்டது. வழியில் செத்தாலும் வண்டியை இழுத்தே தீருவேன் என்று கிளம்பினார்.

இனி வண்டி. நீளவாக்கில் இரண்டு கட்டை, முன்பக்கம் ஒரு குறுக்குக் கட்டை, நடுவில் சுமார் 4 அடிக்கு 3 அடி பெட்டி. சக்கர விட்டம் 4 அடிக்குச் சற்று மேல். காளை வண்டிகளின் தடத்திலேயே உருளும்படி சக்கர இடைவெளி வைத்திருந்தார்கள். வெறும் வண்டி 60 பவுண்டு அளவில் இருக்கும். இருவர் குறுக்குக் கட்டைக்குள் நின்று இழுப்பார்கள். மற்றவர்கள் பின்னாலிருந்து தள்ளுவார்கள், அல்லது கயிறு கட்டி இழுப்பார்கள். ஒரு வண்டிக்கு ஐந்து பேர், ஒரு வட்டக் கூடாரத்துக்கு இருபது பேர், நூறு பேருக்கு ஒரு காளை வண்டி என்பது திட்டம். வண்டிகள் தயாராகாத நாட்களில் பெண்கள் உட்கார்ந்து கூடாரத் துணி தைத்தார்கள்.

பெரியவர்களுக்கு அனுமதித்த சொந்தச் சாமான் 17 பவுண்டு, அதாவது எட்டுக் கிலோவுக்கும் குறைவு. விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பையின் எடைதான். அதற்குள் படுக்கை, துணி, பாத்திரம் எல்லாம் அடங்கவேண்டும். தராசில் ஏறாமல் தப்பிக்க, உடைமேல் உடை போட்டுக்கொண்டு போனவர்களும் உண்டு.

கோளாறு மரத்தில் இருந்தது. அந்தக் கோடையில் எதிர்பார்த்ததைவிட அதிகமான ஆட்கள், தாமதமாக வந்து இறங்கினார்கள். நன்றாகக் காய்ந்த மரம் போதவில்லை. பச்சை மரத்தில் அவசரமாகச் செய்த வண்டிகள் கணிசம். இது அயோவாவின் ஈரக் காற்றில் தெரியாது. மேற்கே போகப்போகத்தான் தெரியும்.

நாள் 2: அயோவாவைக் கடந்து ஃப்ளாரன்ஸ்

ஐ-80 நெடுஞ்சாலையில் சுமார் 245 மைல், நான்கு மணி நேரம். எட்வர்ட் மார்ட்டின் தலைமையில் போன கூட்டம் ஜூலை 28இல் கிளம்பி ஆகஸ்ட் 22இல்தான் ஃப்ளாரன்ஸ் சேர்ந்தது. லோடர் குடும்பம் அதில் இருந்தது.

ஃப்ளாரன்ஸ் இப்போது ஒமஹா நகரத்தின் வடக்குப் பகுதி. 1846–47 குளிர்காலத்தில் மோர்மன்கள் தங்கிய இடம் இது. அன்றைய இடுகாட்டுக்கு எதிரே இருக்கும் அருங்காட்சியகத்தில் கைவண்டி ஒன்றைக் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். அச்சு சக்கரத்தில் நுழையும் இடத்தைக் குனிந்து பாருங்கள். பின்னால் வரும் தொல்லையெல்லாம் அங்கேதான். இடுகாட்டில், குழந்தையைப் புதைத்துவிட்டு நிற்கும் தாய் தந்தையின் வெண்கலச் சிலை ஏவர்ட் ஃபேர்பேங்க்ஸ் செய்தது.

ஃப்ளாரன்ஸில் நின்று யோசிக்கவேண்டியது காலண்டரை. மார்ட்டின் கூட்டம் இங்கிருந்து ஆகஸ்ட் 25ஐ ஒட்டி நகர்ந்தது. முன்னால் இன்னும் 1,030 மைல். நாளுக்கு 15 மைல் என்ற நல்ல வேகத்தில் போனாலும் 69 நாள், நவம்பர் தொடக்கம். ராக்கி மலையில் அக்டோபரிலேயே பனி விழும். சற்று முன்னால் போன வில்லி கூட்டத்தில் (ஜேம்ஸ் வில்லி தலைமையிலான இன்னொரு கைவண்டிக் கூட்டம்), வழி தெரிந்த லீவை ஸாவேஜ் இதை ஆகஸ்ட் 13இல் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: இப்போது போகவேண்டாம், குளிர்காலத்தை இங்கேயே கழிப்போம். கூட்டம் கேட்கவில்லை. வழியில் முன்கூட்டியே பனி விழுந்ததுதான் காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள். அது பாதிக் காரணம்கூட இல்லை என்பேன். தேதி ஃப்ளாரன்ஸிலேயே தவறிவிட்டது.

இங்கே வண்டிக்கு 98 பவுண்டு மாவு மூட்டை ஒன்று கூடுதலாக ஏற்றினார்கள். சுமார் 145 வண்டி, 576 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு என்றால், அந்த மூட்டைகள் மொத்தமும் 25 நாளுக்குத்தான். குழந்தைகளுக்குக் குறைவு என்பதால் இன்னும் சில நாள் இழுக்கலாம். மீதி காளை வண்டிகளில் இருந்தது. ஏற்கெனவே ஆட்டம் கண்ட அச்சின்மேல் இன்னொரு 44 கிலோ ஏறியதுதான் மிச்சம்.

லோடர் வண்டியின் நிலைமை இன்னும் மோசம். தங்கை டேமர் காய்ச்சலில் கிடந்தார். ஸில்பாவுக்குப் பயணத்தின் நடுவே ஆண் குழந்தை பிறந்தது. கூட்டம் நிற்காமல் போய்விட, குடும்பம் மட்டும் வெட்டவெளியில் பின்தங்கியது. இரவு முழுக்க நெருப்பு மூட்டி ஓநாய்களை விலக்கி வைத்தார்கள். மறுநாள் பிள்ளை பெற்றவளையும் நோயாளியையும் வண்டியில் ஏற்றி இழுத்துப்போய்க் கூட்டத்தைப் பிடித்தார்கள்.

நாள் 3: பிளாட் ஆற்றங்கரை

நெப்ராஸ்காவின் குறுக்கே நீண்ட ஓட்டம். ஒமஹாவிலிருந்து ஸ்காட்ஸ்பிளஃப் 450 மைலை ஒட்டி வரும். ஒகலாலாவில் ஐ-80ஐ விட்டுவிட்டு வடமேற்கே திரும்பி, லூவெல்லன் வழியாகப் போங்கள். ஆற்றின் வடகரை மோர்மன் பாதை, தென்கரை, மேற்கே ஆரகனுக்குக் குடியேறப் போனவர்களின் ஆரகன் பாதை. இன்றைய சாலை இரண்டையும் மாற்றி மாற்றித் தொடும்.

கியர்னி, நார்த் பிளாட் தாண்டும்போது காற்று வறண்டுவிட்டது உதட்டில் தெரியும். பச்சை மரத்துக்கும் அது தெரிந்தது. மரம் சுருங்கி ஆரக்கால் குடத்தில் ஆடத் தொடங்கும். சக்கரத்தின் வெளிவட்டம் கழன்றுவரும். சில வண்டிகளுக்கு அச்சும் மரமே. மணல் புகுந்து அரைக்க, அச்சு நாளுக்கு நாள் மெலிந்து கடைசியில் ஒடியும். மசகு இல்லை. கொடுத்த பன்றிக் கொழுப்பையும் சோப்பையும் தடவினார்கள். ஆனால் பசை ஒட்டிய இடத்தில் மணலும் ஒட்டும், அரைப்பு கூடும். பழைய பூட்ஸ் தோலையும் தட்டின் தகரத்தையும் வெட்டி அச்சில் சுற்றியவர்கள் கொஞ்சம் பிழைத்தார்கள்.

விறகு கிடையாது. காட்டெருமைச் சாணம் காய்ந்து கிடக்கும். பெண்கள் நடந்துகொண்டே முந்தானையில், அதாவது இடுப்பில் கட்டிய ஏப்ரனில், அதைப் பொறுக்கிச் சேர்ப்பார்கள். வரட்டி எரித்தவர்களுக்குத் தெரியும்: காய்ந்திருந்தால் புகையில்லாமல் நின்று எரியும், மழை பட்டுவிட்டால் அன்று அடுப்பு இல்லை.

ஆஷ் ஹாலோ மாநிலப் பூங்காவில் அவசியம் நிறுத்துங்கள். இந்தச் சுற்றுப்புறத்தில்தான் செப்டம்பர் கடைசியில் ஜேம்ஸ் லோடர் இறந்தார். வயிற்றுப்போக்கும் பலவீனமுமாக இருந்தும், சாவதற்குச் சில நாள் முன்புவரை கட்டையைப் பிடித்து இழுத்தவர். சவப்பெட்டி இல்லை, மெத்தைப் போர்வையில் சுற்றிப் புதைத்தார்கள். மறுநாளிலிருந்து ஏமியும் மகள்களும் சின்ன மகனும் மட்டுமே. கட்டைக்குள் நின்று இழுக்கும் பொறுப்பு 29 வயது பேஷன்ஸுக்கு வந்தது.

சிம்னி ராக் என்ற தூண் போன்ற பாறையைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். நடைபாதை விலகிப் போகாதீர்கள், புதரில் விஷமுள்ள ராட்டில் பாம்பு உண்டு. ஸ்காட்ஸ்பிளஃபில் ரயில் பாதையை ஒட்டி ரெபெக்கா வின்டர்ஸின் கல்லறை. 1852 ஆகஸ்டில் காலராவில் இறந்த மோர்மன் பெண். வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையை வளைத்து, பெயரையும் வயது 50 என்பதையும் வெட்டி நட்டார்கள். பாதையோரம் இறந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அடையாளமே இல்லாதபோது இவருடையது தப்பியது இந்த இரும்பால்தான்.

நாள் 4: லாரமி கோட்டையிலிருந்து கேஸ்பர்

மார்ட்டின் கூட்டம் அக்டோபர் 8இல் லாரமி கோட்டைக்கு வந்தது. ஜான் ஜாக்ஸ் தன் கடிகாரத்தை 13 டாலருக்கு விற்றார். பவுண்டு பிஸ்கட் 15½ சென்ட், பன்றி இறைச்சி 15, அரிசி 17 என்று வாங்கியதை எழுதி வைத்திருக்கிறார். விற்கக் கடிகாரம் இல்லாதவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இதன்பின் ஆளுக்கு நாளொன்றுக்குக் கொடுத்த மாவுப் படி முக்கால் பவுண்டு, அரை பவுண்டு என்று இறங்கியது.

கோட்டையைப் பார்த்துவிட்டு கெர்ன்ஸி போங்கள். மணற்பாறையில் வண்டிச் சக்கரங்கள் அறுத்த பள்ளம் சில இடங்களில் ஆள் மார்பளவு ஆழம். அங்கிருந்து கேஸ்பர் போகும் வழியில் க்ளென்ராக் என்ற ஊர். அன்று அதற்கு டியர் க்ரீக் என்று பெயர். ஊர் சாதாரணம். ஆனால் அக்டோபர் 17இல் இங்கே நடந்தது இந்தப் பயணத்தின் பெரிய பிழை. மாடுகளும் மனிதரும் தளர்ந்துவிட்டதால் சுமையைக் குறைக்கச் சொன்னார்கள்: பெரியவருக்கு 10 பவுண்டு, குழந்தைக்கு 5. போர்வைகளும் கம்பளி உடைகளும் நெருப்பில் போயின. வண்டி லேசானது. இரண்டே நாளில் பனிப்புயல்.

அக்டோபர் 19இல் இன்றைய கேஸ்பர் அருகே நார்த் பிளாட்டைக் கடைசியாகக் கடந்தார்கள். எவன்ஸ்வில் பக்கம் சுங்கம் வாங்கும் பாலம் ஒன்று இருந்தது. கைவண்டிக் கூட்டம் ஆற்றில்தான் இறங்கியது. பேஷன்ஸ் எழுதியபடி, நீரோட்டம் அவர்கள் வண்டியைத் துறையை விட்டு ஒதுக்கித் தள்ளியது. தண்ணீர் அக்குள் வரை. கரையில் நின்ற அம்மா அலறியதைக் கேட்டு ஆண்கள் இறங்கி வண்டியைப் பிடித்திழுத்தார்கள். மாற்றுத் துணி இல்லை; நனைந்த பாவாடை உடம்பிலேயே விறைத்தது. ஏமி தான் அடுக்கடுக்காகப் போட்டிருந்த உள்பாவாடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மகள்களுக்குக் கட்டிவிட்டார். கோடையில் பாரமாக இருந்திருக்கக்கூடிய அந்த அடுக்குகள்தான் அன்று உதவின.

அன்று ஆலங்கட்டியும் பனியும் தொடங்கின. கேஸ்பரில் தேசிய வரலாற்றுத் தடங்கள் விளக்க மையத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆற்றைக் கடக்கும் வண்டியில் உட்கார்த்தி ஆட்டிக் காட்டுவார்கள்; குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

நாள் 5: இன்டிபென்டன்ஸ் ராக், டெவில்ஸ் கேட், மார்ட்டின்ஸ் கோவ்

கேஸ்பரிலேயே பெட்ரோல் நிரப்பி, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். 220ஆம் சாலையில் சுமார் 55 மைலில் இன்டிபென்டன்ஸ் ராக். 130 அடி உயரப் பாறை. ஏறி, அன்றைய பயணிகள் செதுக்கிய பெயர்களைப் படிக்கலாம். காற்று தொப்பியைப் பறித்துவிடும். இன்னும் சில மைலில் டெவில்ஸ் கேட்: ஸ்வீட்வாட்டர் ஆறு மலையை அறுத்த குறுகிய பிளவு.

கதையின் இன்னொரு முனை சால்ட் லேக்கில். அக்டோபர் 4இல்தான் பின்னால் கூட்டங்கள் வருவது பிரிகாம் யங்குக்குத் தெரிந்தது. மறுநாளே மாவு, வண்டி, ஆள் கேட்டார். அக்டோபர் 28இல் ஜோசப் யங், டான் ஜோன்ஸ், ஏபெல் கார் என்ற மூன்று குதிரை வீரர்கள் ரெட் பியூட்ஸ் அருகே மார்ட்டின் கூட்டத்தைக் கண்டார்கள். அதற்குள் பெரியவர்களின் படி கால் பவுண்டுக்கு வந்திருந்தது. 113 கிராம் மாவு, சுமார் 400 கலோரி. பனியில் வண்டி இழுப்பவருக்கு அதைப்போல் எட்டு மடங்காவது வேண்டும். ஆண்கள் முதலில் விழுந்தார்கள். உடலில் கொழுப்பு குறைவு, கனமான வேலை அவர்கள் தலையில், சிலர் தம் படியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததும் உண்டு.

மார்ட்டின் கூட்டம் ஒதுங்கிய மலைக்குழிவான மார்ட்டின்ஸ் கோவ் அரசு நிலம், சபை குத்தகைக்கு எடுத்துப் பராமரிக்கிறது. பழைய சன் பண்ணை வீட்டில் வரவேற்பு மையம். கோடையில் கைவண்டி இரவல் தருகிறார்கள். போய் வர ஐந்து மைலை ஒட்டிய நடை. கைவண்டியை உள்வளைவுக்கு முன்பே நிறுத்திவிடவேண்டும். நீங்கள் இழுக்கும் வண்டியின் அச்சு இரும்பு, மரம் நன்றாகக் காய்ந்தது, பாதை சீர் செய்தது. அப்படியும் மணல் ஏற்றத்தில் தோள் பிடிக்கும். குறுக்குக் கட்டையைக் கையால் இழுக்காமல் இடுப்போடு அணைத்து உடம்பைச் சாய்த்துத் தள்ளுங்கள். இறக்கத்தில் பின்னால் இருவர் பிடித்துக்கொள்ளாவிட்டால் வண்டி முன்னால் நிற்பவரை உருட்டிவிடும். ஜூன், ஜூலையில் கொசு கடிக்கும். முழுக்கைச் சட்டை போடுங்கள்.

நவம்பர் 4இல் பனிக்கட்டி மிதக்கும் ஸ்வீட்வாட்டரைக் கடந்து இந்தக் குழிவுக்கு வந்தார்கள். பாறைகள் வடக்குக் காற்றை மறைக்கும், கொஞ்சம் விறகும் உண்டு. தரை இறுகியிருந்ததால் கூடார முளை இறங்கவில்லை. தகரத் தட்டாலும் வாணலியாலும் பனியைச் சுரண்டி இடம் செய்தார்கள். ஆற்றில் மூன்று இளைஞர்கள் எல்லோரையும் தூக்கிக் கடத்திவிட்டு, அதனாலேயே விரைவில் இறந்தார்கள் என்ற கதையை இங்கே பலர் சொல்லக் கேட்பீர்கள். தூக்கியது உண்மை. ஆனால் உதவியவர்கள் அந்த மூவர் மட்டுமல்ல. ஜார்ஜ் கிராண்ட், டேவிட் கிம்பல், ஆலன் ஹன்டிங்டன் மூவருமே அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள். அவர்கள் செய்ததே போதும், மிகை தேவையில்லை.

இந்தப் பகுதி முகாம் ஒன்றில் மகள்கள் விறைத்துப்போய் எழாமல் உட்கார்ந்துவிட்டார்கள். ஏமி நனைந்த பாவாடையைத் தூக்கிக்கொண்டு பாடி ஆடத் தொடங்கினார். கால் வழுக்கி விழுந்தார். அம்மாவுக்கு அடிபட்டதோ என்று எல்லோரும் துள்ளி எழ, எழுப்பத்தான் ஆடினேன் என்று சிரித்தார். குளிரில் உட்கார்ந்தே இருந்தால் உயிர் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நவம்பர் 9இல் கூட்டம் நகர்ந்தது. காளை வண்டிகளின் சரக்கைக் காக்க டான் ஜோன்ஸ் உட்பட இருபது பேர் டெவில்ஸ் கேட்டில் குளிர்காலம் முழுக்கத் தங்கினார்கள். மாடுகள் செத்து இறைச்சி தீர்ந்தபின் தோலைத் தின்றார்கள். சும்மா வேகவைத்துத் தின்றபோது எல்லோருக்கும் நோய் கண்டது. பிறகு ஜோன்ஸ் முறை கண்டுபிடித்தார்: மயிரை நெருப்பில் பொசுக்கிச் சுரண்டவேண்டும்; நிறையத் தண்ணீரில் ஒரு மணி நேரம் வேகவைத்து, பசை இறங்கிய அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடவேண்டும்; குளிர்ந்த நீரில் அலசி மறுபடி சுரண்டி, கூழாகும் வரை வேகவைத்து, ஆறியபின் சர்க்கரை தூவித் தின்னவேண்டும்.

நாள் 6: சவுத் பாஸ், ஃபோர்ட் பிரிட்ஜர்

இன்று சாலைதான் அதிகம். மடி கேப், ஜெஃப்ரி சிட்டி, பிறகு 28ஆம் சாலையில் சவுத் பாஸ். 7,400 அடிக்கு மேல். ஆனால் கணவாய் என்றே தெரியாத பரந்த புல்வெளி. வடக்கே ராக்கி ரிட்ஜ், வில்லி கூட்டம் அக்டோபர் 23இல் பனியில் ஏறிய மேடு; நான்கு சக்கர இயக்கமும் உயரமான அடிப்பாகமும் இல்லாத காரில் போகவேண்டாம். இறங்கிய இடமான ராக் க்ரீக்கில் 13 பேர் ஒரே குழியில்.

சவுத் பாஸ் தாண்டும்போது மீட்பு வண்டிகள் போதுமான அளவு வந்துவிட்டன. மார்ட்டின் கூட்டத்தில் யாரும் நடக்கவேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சாவு நிற்கவில்லை. ஸில்பாவின் இரண்டு வயது மகள் ஃப்ளோரா நவம்பர் பின்பகுதியில் இறந்தாள். உடலை வழியில் விடாமல் சால்ட் லேக் வரை கொண்டுபோனார்கள்.

நாள் 7: சால்ட் லேக் சிட்டி

எக்கோ பள்ளத்தாக்கில் இறங்கி, ஹெனிஃபர் வழியாக பிக் மவுன்டன், எமிகிரேஷன் கேன்யன். இந்த மலைச்சாலை குளிர்காலத்தில் மூடியிருக்கும். அப்போது ஐ-80 மட்டும்தான். நகரின் கிழக்கு விளிம்பில் 'திஸ் இஸ் தி ப்ளேஸ்' பூங்கா.

நவம்பர் 30, ஞாயிறு நண்பகலில் நூற்றுச் சொச்சம் வண்டிகளில் வந்து சேர்ந்தார்கள். பிரிகாம் யங் ஆராதனையை முடித்துக் கூட்டத்தை வீட்டுக்கு அனுப்பினார்: பிரார்த்தனை நல்லதுதான், ஆனால் சுட்ட உருளைக்கிழங்கும் பாலும் வேண்டிய இடத்தில் அது உதவாது. 576 பேரில் நாலில் ஒருவர் அளவுக்கு இறந்திருந்தார்கள். பிழைத்தவர்களில் பத்து வயது நெல்லி புசெல்லுக்கு இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே வெட்டவேண்டியிருந்தது. தாயும் தந்தையும் வழியிலேயே போய்விட்டார்கள். கைவண்டித் திட்டம் இதோடு நிற்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. 1860 வரை மொத்தம் பத்துக் கூட்டங்கள், ஏறத்தாழ 3,000 பேர்; நேரத்தோடு கிளம்பிய கூட்டங்கள் இப்படி அழியவில்லை.

நாள் 8: ஃபேர்ஃபீல்ட், அமெரிக்கன் ஃபோர்க்

பெரும்பாலானோர் நேற்றோடு திரும்பிவிடுவார்கள். பேஷன்ஸின் வாழ்க்கை அதன்பின்தான் நீள்கிறது. சால்ட் லேக்குக்குத் தெற்கே ஒரு மணி நேரத் தொலைவில் ஃபேர்ஃபீல்ட். மோர்மன்களை அடக்க வந்த அமெரிக்க ராணுவம் 1858இல் இங்கே கேம்ப் ஃப்ளாய்டை அமைத்தது. அந்த ராணுவத்தில் இருந்த ஹங்கேரிக்காரர் ஜான் ரோசாவைத்தான் பேஷன்ஸ் அதே வருடம் மணந்தார். எதிரிப் படைச் சிப்பாயைக் கட்டிக்கொள்வது அன்று லேசான முடிவல்ல. உள்நாட்டுப் போர் வந்ததும் படையோடு கிழக்கே வாஷிங்டன் வரை போனார். கைவண்டி இழுத்த அதே சமவெளியை எதிர்த்திசையில் கடந்தது இப்படித்தான். 1866இல் திரும்பும் வழியில் ரோசா காசநோயில் இறந்தார். பிள்ளைகளோடு பேஷன்ஸ் தனியாக உட்டா வந்து, ப்ளெசன்ட் க்ரோவில் குடியேறினார்.

கேம்ப் ஃப்ளாய்டில் இப்போது மிஞ்சியிருப்பது ராணுவக் கிடங்குக் கட்டடமும் இடுகாடும் எதிரே பழைய பயணியர் விடுதியும்தான். ஒரு மணி நேரம் போதும். அங்கிருந்து ப்ளெசன்ட் க்ரோவ் போய், அமெரிக்கன் ஃபோர்க் பள்ளத்தாக்கில் ஏறுங்கள். அங்கிருந்த சுரங்க முகாமில் பேஷன்ஸ் தொழிலாளர்களுக்குச் சமைத்துப்போட்டுப் பிழைத்தார். பள்ளத்தாக்கில் நுழையக் கட்டணம் உண்டு. மேலே ஆல்பைன் வளையச் சாலை குறுகலானது, பெரிய வேன்களுக்கு ஆகாது. இலையுதிர் காலக் கடைசியில் பனி விழுந்ததும் மூடிவிடுவார்கள், வசந்தத்தின் பின்பாதியில்தான் திறக்கும்.